மந்திரத்துக்கு எத்தனை சட்டம்?

(நமது மன்றக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய உரையின் தலைப்பை அறிவித்தபோது முன்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன். சமயமும் இலக்கியமும் பேசப்படும் மேடையில் ஒரு மாணவன் ஏறி நின்று விளையாட்டைப் பற்றி, அதிலும் மந்திரவாதி வேடம் பூண்டு ஆடும் விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆயினும் மந்திரம் நமக்குப் புதிய சரக்கன்று. மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாகப் பகிடி பண்ணி வந்திருக்கிறார்கள். தங்கள் விருந்தோம்பலைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று மட்டக்களப்பு நண்பர்கள் விளக்கம் தருவார்கள். அது எவ்வாறாயினும், பாயில் ஒட்டவைக்கும் மந்திரமும், விஷம் இறக்கும் மந்திரமும், தவத்தால் வந்த சித்தியும் ஒன்றல்ல என்பது நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் தெரியும். ஆகவே கேள்வி நம்முடையதுதான். ஓர் ஆட்டத்தில் பலவகை மந்திரங்கள் வந்தால் அவையனைத்துக்கும் ஒரே சட்டம் போதுமா, அன்றி வகைக்கொரு சட்டம் வேண்டுமா?

ஆட்டம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். கூத்துக்கு அண்ணாவியார் எப்படியோ, இதற்கு அவர் அப்படி. ஆனால் கூத்தில் பாட்டும் முடிவும் முன்பே எழுதப்பட்டவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962-இல் பேராதனையில் மேடையேற்றிய கர்ணன் போரை எத்தனை இரவு ஆடினாலும் அத்தனை இரவும் கர்ணன் விழுந்தேயாக வேண்டும். இந்த ஆட்டத்திலோ கர்ணன் பிழைத்தாலும் பிழைக்கலாம். என்ன செய்யப்போகிறேன் என்று ஆடுபவன் சொல்வான். ஐயமான இடத்தில் பகடை உருளும். 1974-இல் அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு மூத்த பிள்ளை.

அந்த மூத்த பிள்ளையிலேயே நம் கேள்வி தொடங்கிவிட்டது. அதில் மந்திரவாதி என்றொரு பாத்திரம், சமயகுரு என்றொரு பாத்திரம். மந்திரவாதியின் முறை ஜாக் வான்ஸ் என்பவர் 1950-இல் வெளியிட்ட கதைநூலிலிருந்து எடுக்கப்பட்டது. காலையில் மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை உச்சரித்ததும் அது மனத்தைவிட்டு அகன்றுவிடும். பரீட்சை எழுதிப் பழகிய நமக்கு இது விளங்காத காரியமன்று. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் படித்தது எங்கே போகிறதோ, அங்கேதான் அந்த மந்திரமும் போகிறது.

சமயகுருவுக்கு என்ன சட்டம்? ஏறக்குறைய அதே சட்டந்தான்! படிநிலைக்கு இத்தனை, நாளைக்கு இத்தனை என்று அவருக்கும் ஓர் அட்டவணை. ஏடு பார்த்துப் படித்தவனும் இறைவனை இரந்து நின்றவனும் ஒரே கடையில் ஒரே பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். முதற்படியில் உள்ள குருவுக்கு மந்திரமே இல்லை என்ற ஒன்றுதான் என் மனத்துக்குப் பிடித்தது. புதிதாய்த் தீட்சை பெற்றவன் உடனே அற்புதம் செய்யப் புறப்படலாகாது அல்லவா? 1979-இல் வந்த விளக்க நூலில் கைகாக்ஸ் இதைச் சற்றுத் திருத்தினார். சிறிய மந்திரங்கள் குருவின் பயிற்சியாலும் நம்பிக்கையாலும் வருமாம். நடுத்தரமானவற்றைத் தெய்வத்தின் ஏவலர் தருவராம். மிகப் பெரியவற்றைத் தெய்வமே நேரில் தருமாம். கச்சேரியில் மனுக் கொடுத்த அனுபவமுள்ளவர்கள் இந்த ஏற்பாட்டை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

என் நண்பர்களில் ஒருவர் மொறட்டுவையில் பொறியியல் கற்பவர். மற்றவர் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பவர். இந்தக் கேள்வியில் இருவருக்கும் நெடுநாள் வழக்கு. பொறியியலாளர் கூறுவது இது: "தீ தீதான். மந்திரத்தால் வந்தாலென்ன, வரத்தால் வந்தாலென்ன, சுட்டால் புண். புண்ணுக்கு ஒரு கணக்குப் போதும்." இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1956 முதல் 2008-இல் மறையும்வரை நம் நாட்டிலேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கும், விஞ்ஞானம் ஓர் அளவுக்குமேல் வளர்ந்துவிட்டால் காண்பவன் கண்ணுக்கு அது மாயமாகவே தோன்றும் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். வெளியே நின்று பார்ப்பவனுக்கு வேறுபாடு தெரியாது என்பது சரி. ஆனால் சட்டம் எழுதுபவன் வெளியே நிற்பவனல்லன்.

நான் மிசன் பாடசாலையில் படித்தவன். அங்கே வேதாகம பாடத்தில் யாத்திராகமக் கதை கேட்ட நாள்முதல் ஒரு காட்சி என் மனத்தில் நிற்கிறது. ஆரோன் தன் கோலைப் பார்வோன் முன் போடுகிறான், அது பாம்பாகிறது. எகிப்திய மந்திரவாதிகளும் தம் கோல்களைப் போடுகிறார்கள்; அவையும் பாம்பாகின்றன! அவ்விடத்தில் கதை நின்றிருந்தால் பொறியியல் நண்பர் வென்றிருப்பார். ஆனால் ஆரோனின் கோல் மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. பின்பு தண்ணீர் இரத்தமானபோதும் தவளை வந்தபோதும் மந்திரவாதிகள் ஈடுகொடுத்தார்கள். பேன் வந்தபோதுதான் கைவிரித்தார்கள். மூன்று படிவரை ஒரே விளைவு, நான்காம் படியில் வேறு. ஆட்டம் அமைப்பவனுக்கு அந்தக் கதையில் நல்ல பாடம் இருக்கிறது.

வகைக்கொரு சட்டம் வேண்டும் என்பவர்களும் சோதிக்கப்பட்டிருக்கிறார்கள். 1976-இல் அதே மூத்த ஆட்டத்துக்கு மனோசக்தி என்னும் புதுவகை சேர்க்கப்பட்டது. அதற்கென்று தனிக் கணக்கு, தனிப் போர்முறை, ஐந்து தாக்குதல், ஐந்து காப்பு! சக்தியுள்ள இருவர் மோதும்போது மற்ற மூவரும் தேநீர் குடிக்கப் போய்விடலாம். இதற்கு நேர்மாறான பரிசோதனை 2008-இல் வந்த நான்காம் பதிப்பு. அதில் வாள் வீசுபவனுக்கும் மந்திரம் சொல்பவனுக்கும் ஒரே சட்டகம்: எப்போதும் செய்யக்கூடியவை, ஒரு சண்டைக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை. கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆயினும் எல்லாரும் ஒருவரைப்போலவே ஆடுகிறோமே என்று ஆடுபவர் பலர் குறைப்பட்டுப் பழைய முறையைத் தொடர்ந்த வேறோர் ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அச்சட்டகத்தைக் கைவிட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் போல் விடை சொல்லும் நூல் வேறில்லை என்பது என் துணிபு. விசுவாமித்திரரின் தவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சேமிப்புக் கணக்கு. திரிசங்குவுக்காக வேறொரு சொர்க்கம் படைத்தார், கணக்குக் குறைந்தது. மேனகையிடம் மயங்கினார், குறைந்தது. அரம்பையைக் கோபத்தில் கல்லாகச் சபித்தார், மீண்டும் குறைந்தது. சாபம் கொடுப்பவனுக்கும் செலவு உண்டு என்பது நம்மவர் கண்ட நுட்பமான சட்டம். வரமோ நொத்தாரிசு எழுதிய உறுதியைப் போன்றது. எழுதியது எழுதியபடி. மனிதரைப் பொருட்படுத்தாது விட்ட இராவணன் உறுதியில் ஓர் எல்லையை எழுத மறந்த காணிச் சொந்தக்காரன். அந்த எல்லை வழியாகத்தான் இராமன் நுழைந்தான். இரணியனோ எல்லா எல்லைகளையும் எழுதிவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தான். மேல்நாட்டுக் கதையில் பேயோடு 24 ஆண்டு ஒப்பந்தம் எழுதிய பவுஸ்தஸ் இவ்விருவருக்கும் தூரத்து உறவினன்.

வேள்வி இன்னொரு வகை. முடியும்வரை பயனில்லை, முடிந்துவிட்டால் தடுப்பாரில்லை. அதனாலன்றோ இந்திரசித்தன் நிகும்பலையில் வேள்வி முடிக்குமுன் இலக்குவன் அங்கே போய்ச் சேரவேண்டும் என்று வீடணன் துடித்தான்! அரக்கரின் மாயைக்கோ இரவு வந்தால் வலிமை பெருகும். பதினான்காம் நாள் இரவு கடோற்கசன் கௌரவர் படையைக் கலக்கியது அப்படித்தான்.

அத்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது கொடுத்தவரின் நிபந்தனையோடு வந்த பொருள். பரசுராமரிடம் பொய்யுரைத்துப் பெற்ற பிரமாத்திரம் தேவைப்படும் வேளையில் மறந்துபோகும். நாகாத்திரத்தை இரண்டாம் முறை தொடுப்பதில்லை என்று குந்திக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நிற்கும். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்து இந்திரனிடம் பெற்ற சக்தி ஆயுதத்தை ஒருமுறைதான் எறியலாம். அருச்சுனனும் அசுவத்தாமனும் ஒரே அத்திரத்தை ஏவினார்கள். அருச்சுனனுக்கு அதைத் திருப்பி எடுக்கத் தெரியும், அசுவத்தாமனுக்குத் தெரியாது. ஏவுதலும் மீட்டலும் இருவேறு கல்விகள் என்றால், ஒரே அத்திரத்துக்குள்ளேயே இரண்டு சட்டம் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் நாங்கள் இதை மேசையில் வைத்தே பரிசோதித்தோம். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை அடுத்த ஒரு நண்பர் வீட்டு விறாந்தை. அங்கே ரயில் போகும்போதெல்லாம் பகடை தானாகவே உருளும், அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது முதற்சட்டம். முதல்நாள் பொறியியல் நண்பரின் முறைப்படி ஆடினோம். ஒவ்வொருவருக்கும் பத்துச் சக்திப்புள்ளி. அத்திரம் ஆறு புள்ளி. விடிந்தால் பத்தும் திரும்பி வந்துவிடும். கர்ணனாக ஆடியவர் மருத்துவ மாணவர். கடோற்கசன் வானத்தில் எழுந்ததும் ஒரு வினாடிகூடத் தாமதியாமல் சக்தி ஆயுதத்தை எறிந்தார். "ஏன் யோசிக்கவில்லை?" என்று கேட்டதற்கு, "நாளைக்குத் திரும்ப வரும்தானே" என்றார். கடோற்கசன் விழுந்தான். ஆட்டம் நன்றாகத்தான் நடந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மறுவாரம் அதே காட்சி. இம்முறை சக்தி ஆயுதம் ஒரு கடதாசித் துண்டு. எறிந்தால் கிழிக்க வேண்டும், மறுதுண்டு கிடையாது. அருச்சுனன் மறுநாளும் வருவான் என்பது எல்லாருக்கும் தெரியும். கடோற்கசன் எழுந்தான். படை சிதறியது. துரியோதனனாக ஆடியவர் "எறி, எறி" என்று கத்தினார். கர்ணன் கடதாசித் துண்டைப் பிடித்தபடி பேசாமல் இருந்தார். பாணந்துறைப் பக்கம் ஒரு ரயில் போயிற்று. மருதானைப் பக்கம் ஒரு ரயில் போயிற்று. அவர் இன்னும் எறியவில்லை. துரியோதனனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. கடைசியில் கிழித்தார். கிழித்தபின் அன்றிரவு முழுதும் அவர் அதிகம் பேசவில்லை.

இரண்டு நாளும் பகடை ஒன்று, காயம் ஒன்று, விழுந்தவனும் ஒருவன். மாறியது ஒரே ஒரு வரி. என் கருத்து இங்கேதான் நிலைகொள்கிறது. மந்திரம் எப்படித் தாக்குகிறது என்பதற்குப் பொதுச் சட்டம் போதும்; அதற்கென்ன விலை, யார் கொடுக்கிறார், எப்போது கைவிட்டுப் போகும் என்பவை வேறுபடும் இடத்தில் தனிச் சட்டம் வேண்டும். தீயின் நிறம் வேறு என்பதற்காகப் புதிய அத்தியாயம் எழுதத் தேவையில்லை.

சதுரங்கத்தைப் பாருங்கள். குதிரை ஒருவகையாகப் பாயும், கோட்டை ஒருவகையாகச் செல்லும். ஆனால் வெட்டுதல் என்பது இரண்டுக்கும் எதிரியின் கட்டத்தில் போய் அமர்வதுதான். சிப்பாய் மட்டும் நேரே நடந்து சாய்வாக வெட்டும். அந்த ஒரு விலக்கை ஆறு வயதுப் பிள்ளையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. அல்லது, இந்த மண்டபத்தில் இதைச் சொல்லலாமோ தெரியவில்லை, நம்மவர் ஆடும் 304-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தாள்களின் பெறுமதியைக் கூட்டினால் 304. அது எல்லாத் தாளுக்கும் பொது. துரும்பு என்ற ஒரே வார்த்தை வந்து அந்த ஒழுங்கு முழுவதையும் புரட்டிவிடுகிறது. துரும்புக்கென்று யாராவது தனிப் புத்தகம் போட்டார்களா?

இவ்வகையில் நான் மெச்சுவது 1978-இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தை. கிரெக் ஸ்டாபர்ட் என்பவர் கற்பித்த உலகில் நிகழ்வது அது. அங்கே ஆவிகளிடம் கற்ற சிறு மந்திரத்துக்குச் செலவழித்த சக்தி ஒரு நாளுக்குள் ஊறிவிடும். தெய்வத்திடம் பெறும் மந்திரத்துக்கோ ஆடுபவன் தன் உள்வலிமையில் ஒரு பங்கை நிரந்தரமாகக் காணிக்கையாக்க வேண்டும். சட்டம் மிகச் சிறியது. ஆனால் தெய்வத்தை நாடுமுன் ஆடுபவன் ஒருமுறை நின்று யோசிக்கிறான்.

இவ்விடத்தில் பெரியோர்களின் ஆட்சேபத்தை நானே எழுப்பிக்கொள்கிறேன். தெய்வத்தின் அருளைப் பகடையில் உருட்டலாமா? 1980-இல் வெளிவந்த ஒரு நூல் உலகத்துத் தெய்வங்களையெல்லாம் வரிசைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று எண் போட்டது. நம் இந்திரன், அக்கினி, வருணன், யமன் ஆகியோரும் அதில் உண்டு. கார்த்திகேயரையும் விடவில்லை. இதற்காகக் கொடிபிடிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆடிவேல் இரதத்தின் பின்னால் வெறுங்காலோடு நடக்கும் ஒரு கிழவியிடம் போய், "ஆச்சி, முருகனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி?" என்று கேட்டுப்பாருங்கள். அவர் கோபிக்க மாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

வனவாசத்தில் சூரியன் கொடுத்த அட்சய பாத்திரத்துக்குத் திட்டமான சட்டம் இருந்தது. திரௌபதி உண்டு முடிக்கும்வரை அன்றைக்குச் சுரக்கும்; உண்டபின் மறுநாள்தான். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பின் 'நாளுக்கு ஒருமுறை' அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். அவள் உண்டு பாத்திரத்தைக் கழுவி வைத்த பின்னர் துருவாசர் பரிவாரத்தோடு வருகிறார். கண்ணன் வந்து ஒட்டியிருந்த ஒரு பருக்கையை எடுத்து உண்கிறான். எல்லார் பசியும் தீர்கிறது. பாத்திரத்தின் செயலுக்கு விதி எழுதலாம். கண்ணனின் செயலுக்கு எழுத முடியுமா? எழுதினால் அடுத்த வாரம் ஒவ்வொருவரும் ஒரு பருக்கையை ஒட்டவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்!

ஆகவே அருளை ஆடுபவன் கையில் ஒரு சீட்டாகக் கொடுக்கலாகாது என்று நான் வாதித்தேன். பொறியியல் நண்பர் விடவில்லை. "அப்படியானால் கதை நடத்துபவர் தமக்கு வேண்டியவருக்கு அருள் பாலிப்பார். அதைவிட அட்டவணை நேர்மையானது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மேசை சற்று நேரம் அமைதியாயிற்று.

வழி காட்டியது கொட்டாஞ்சேனைதான். அங்கே என் பாட்டியார் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியர் மருந்தும் வரும், பொன்னம்பலவாணேசுவரர் கோயில் திருநீறும் வரும், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியும் போகும். நாவூறு என்ற ஐயமிருந்தால் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடப்படும். பாட்டியார் இவற்றைக் குழப்பமாட்டார். மிளகாய்க்கு அந்த வேளையோடு காரியம் முடிந்தது. கையில் கட்டிய நூலோடு செத்த வீட்டுக்குப் போகக்கூடாது. நேர்த்தி மட்டும் கடன். காய்ச்சல் மாறினாலும் ஆறு மாதம் சென்றாலும் அதைத் தீர்த்தேயாக வேண்டும். தெய்வம் என்ன செய்யும் என்பதற்கு அவரிடம் ஒரு விதியும் இல்லை. தாம் என்ன செய்யவேண்டும் என்பதற்குத்தான் விதிகள்.

அதையே எங்கள் ஆட்டத்தில் எழுதிக்கொண்டோம். நேர்பவன் தான் கொடுக்கப்போவதை ஒரு துண்டில் எழுதி மேசை நடுவே வைக்கவேண்டும். பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். கதை நடத்துபவரும் தம் விருப்பப்படி கொடுக்க முடியாது: ஆட்டம் தொடங்குமுன் மடித்து வைத்த சீட்டுகளில் ஒன்றை மற்றொருவர் எடுக்க, அதில் உள்ளதைத்தான் அவர் கதையாக்க வேண்டும். சீட்டுகளில் பாதிக்குமேல் வெறுமையானவை. எழுதிய கடன் மட்டும் எப்படியும் தீர்க்கப்பட வேண்டும். பொறியியல் நண்பர் இதை ஏற்றுக்கொண்டார், 'தற்காலிகமாக' என்ற சொல்லோடு.

சாபத்துக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. சபிப்பவனுக்கு எவ்வளவு செலவு வைப்பது? குறைத்தால் எல்லாரும் எல்லாரையும் சபிக்கிறார்கள்; கூட்டினால் ஒருவரும் சபிப்பதில்லை, துருவாசராக ஆடுபவர் வேலையில்லாமல் கொட்டாவி விடுகிறார். தமிழ் நண்பர் பதினைந்து நாளாகப் புராணங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். இங்குள்ள பெரியோர்களில் யாருக்கேனும் தக்க கதை நினைவிருந்தால் கூட்டம் முடிந்தபின் எனக்குச் சொல்லியருள வேண்டும். வரும் சனிக்கிழமை மாலை அதே விறாந்தையில் ஆடுகிறோம். மருத்துவ மாணவருக்குப் பரீட்சை என்பதால் கர்ணனின் இடம் வெறுமையாக இருக்கிறது; விரும்புகிறவர் வரலாம். கடதாசித் துண்டு நாங்களே தருவோம்.